கனூ ஏரியில் ஒரு மரக்காலை

மாமாவுக்கு இலை பார்ப்பதில் துளி ஆர்வமும் இல்லை. "இலை பழுக்கிறதைப் பார்க்க மூண்டு மணித்தியாலம் கார் ஓட வேணுமே தம்பி?" என்று ஸ்காபரோவில் வண்டியில் ஏறும்போதே கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான். ஒக்டோபர் பிறந்தால் ரொறன்ரோத் தமிழரில் பாதிப்பேர் அல்கொன்குவின் பூங்காவில் நிற்பார்கள். சிவந்த மேப்பிளுக்கு முன்னால் குடும்பப் படம், காரின் பின்பெட்டியில் சோற்றுப் பார்சல், திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் நெரிசல். வார இறுதிக்கான அனுமதிச்சீட்டை நாட்கணக்கில் முன்னரே பதிந்து வைத்தால்தான் உள்ளே போகலாம். அதனால் நாங்கள் ஒரு செவ்வாய்க்கிழமை போனோம்.

நான் அவரைக் கூட்டிப் போனது இலைக்காக அல்ல. மாமா வவுனியாவில் மரக்காலை வைத்திருந்தவர். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்தச் சொல் புதிதாக இருக்கலாம். மரத்தை அரிந்து பலகை, தீராந்தி, சிலாகை என்று விற்கிற இடம்தான் எங்களுக்கு மரக்காலை. சின்ன வயதில் பள்ளிக்கூட விடுமுறைக்கு அங்கே போனால் தூள் மேட்டில் ஏறிச் சறுக்குவதுதான் எங்கள் விளையாட்டு. மாமா ஒரு குற்றியைக் கையால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, உள்ளே கோறையா, அதாவது பொந்து விழுந்ததா, இல்லையா என்று சொல்லிவிடுவார். இன்றைக்கும் யார் வீட்டுக்குப் போனாலும் சாப்பாட்டு மேசையை ஒருக்கால் தட்டிப் பார்க்காமல் இருக்கமாட்டார்.

பூங்காவுக்குள் இருக்கிற கனூ ஏரியின் வடமேற்குக் கரையில் ஒருகாலத்தில் இருந்த ஊரும் ஒரு மரக்காலைதான். பெயர் மோவற். ஒன்ராறியோவின் முதல்வராக இருந்த ஒலிவர் மோவற்றின் பெயரை வைத்திருந்தார்கள். 1897இல் அங்கே ஐந்நூறு பேரளவில் வேலை செய்தார்கள். இன்றைக்கு அங்கே ஊர் இல்லை. நான் இதற்கு முன் மூன்று தடவை அந்த ஏரிக்குப் போயிருக்கிறேன். மூன்று தடவையும் எல்லோரையும்போல ரொம் தொம்சன் என்ற ஓவியருக்காகத்தான் போனேன். அவர் தங்கியது இங்கே, படகிலிருந்து காணாமல் போனது இங்கே, கரையில் அவருக்கு நினைவுக்கல் இருப்பதும் இங்கே. அவர் தங்கிய விடுதி உண்மையில் என்ன கட்டடம் என்று கேட்கிற புத்தி எனக்கு மூன்றாம் தடவைதான் வந்தது.

ஏரியின் தென்முனையில் வள்ளம் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். மாமாவை உயிர்காப்பு அங்கிக்குள் புகுத்தி முன்னால், அணியத்தில் இருத்தினேன். மோவற் கரைக்கு ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடத் துடுப்புப் போடவேண்டும். காற்று இல்லை. தண்ணீர் தேத்தண்ணி நிறம். பாதி வழியில் மாமா துடுப்பை மடியில் வைத்துவிட்டு இரண்டு பக்கக் கரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"சிவப்பாய் நிக்கிறது எல்லாம் மேப்பிள்தானே? நல்ல வைரமான மரம் எண்டு சொல்லுறாங்கள். மரம் வெட்ட வந்தவங்கள் ஏன் இதை விட்டிட்டுப் போனவங்கள்?"

நான் படித்து வைத்திருந்ததைச் சொல்ல வாயெடுக்கும் முன்பே அவரே பதிலையும் சொன்னார். "தாழும் என்ன? எங்கட முதிரையும் பாலையும் மாதிரி."

ஆம், தாழும். இந்த ஊர்களின் முழுச் சரித்திரத்துக்கும் அடி அந்த ஒற்றைச் சொல்தான். அந்தக் காலத்தில் இங்கே தெரு இல்லை, லொறி இல்லை. வெட்டிய மரம் தானாக ஆற்றில் மிதந்து ஆலைக்குப் போகவேண்டும். வெள்ளைப் பைன் மிதக்கும். நேராக வளரும், அரிவதற்குச் சுகம், கப்பல் பாய்மரத்துக்கும் நல்லது. நெப்போலியன் பால்டிக் கடல் மரத்தைப் பிரித்தானியாவுக்குக் கிடைக்காமல் தடுத்த காலத்தில்தான் கனடாப் பைனுக்கு யோகம் அடித்தது. 1806இல் ஒட்டாவா ஆற்றில் முதல் மரத் தெப்பம் கியூபெக்குக்குப் போனது. அதன் பிறகு மரவெட்டிகள் கிளையாறு கிளையாறாக மேலே ஏறி, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஆறுகள் பிறக்கிற இந்த மேட்டு நிலத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பைனை எடுத்தார்கள். மேப்பிளை விட்டார்கள். நாங்கள் இன்றைக்கு மூன்று மணித்தியாலம் கார் ஓடிவந்து படம் பிடிக்கிற சிவப்பு, மிதக்காத காரணத்தால் அன்றைக்குத் தப்பிய மரத்தின் சிவப்பு. பிற்காலத்தில் ரயிலும் லொறியும் வந்து அதற்கும் வழி பார்த்தன, அது வேறு கதை.

மோவற் ஆலையைக் கட்டிய கில்மர் என்ற மரக் கம்பனியின் கதைக்கு வருகிறேன். எனக்கு இந்தக் கதை முழுவதிலும் பிடித்த பகுதி இதுதான். கில்மர்களின் பெரிய ஆலை தெற்கே, ஒன்ராறியோ ஏரிக் கரையில், ட்ரென்ரன் என்ற ஊரில் இருந்தது. சுற்றுவட்டாரக் காடு தீர்ந்துகொண்டு வந்தது. 1892இல் ஒன்ராறியோ அரசு வடக்கே மரம் வெட்டும் உரிமையை ஏலம் விட்டபோது கில்மர்கள் கனூ ஏரியைச் சுற்றியுள்ள நிலத்துக்குப் பெரிய விலை கேட்டு எடுத்தார்கள். எடுத்த பிறகுதான் தலையிடி. கனூ ஏரித் தண்ணீர் ட்ரென்ரன் பக்கம் ஓடுவதில்லை. அது ஒக்ஸ்ரங் ஆற்றில் இறங்கி, லேக் ஒவ் பேய்ஸ் ஏரிக்குப் போய், மஸ்கோகா ஆற்றால் மேற்கே ஜோர்ஜியன் குடாவில் விழுகிறது. ஆலை ஒரு திசையில், ஆறு எதிர்த் திசையில்.

மற்றவன் என்றால் உரிமையை விற்றுவிட்டுப் போயிருப்பான். கில்மர்கள் மரத்தை மலைக்கு மேலே ஏற்ற முடிவு செய்தார்கள். டோர்செற் என்ற கிராமத்தில், லேக் ஒவ் பேய்ஸ் கரையில், ஒரு பொறித்தொடரைக் கட்டினார்கள். முடிவில்லாமல் சுற்றும் பல்லுச் சங்கிலி ஒன்று மரக்குற்றிகளை ஏரியிலிருந்து ஒவ்வொன்றாகக் கவ்வி மேலே இழுக்கும். நீராவி இயந்திரம் அதைச் சுற்றும். மேலே மரத்தால் செய்த நீண்ட தொட்டிக் கால்வாய். அதற்குத் தண்ணீரையும் கீழேயிருந்தே இறைத்து ஊற்றவேண்டும், ஏனென்றால் உச்சியில் தண்ணீர் இல்லை. குற்றி அதில் மிதந்து மேட்டைக் கடந்து, அப்பால் றேவன் ஏரிக்குப் போய், அங்கிருந்து ட்ரென்ற் ஆற்று வழியே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே போகவேண்டும். 1894இல் இது உண்மையிலேயே ஓடியது! ஏரித் தண்ணீரையும் மரத்தையும் சேர்த்து மலைமேல் தூக்கினார்கள்.

மாமாவுக்கு இதைச் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான். "குற்றி ஆலைக்குப் போய்ச்சேர எவ்வளவு காலம்?" இரண்டு பருவம் என்றேன். அவர் தலையில் கையை வைத்தார். "அவ்வளவு காலம் தண்ணியில கிடந்தா மரம் என்னத்துக்கு ஆகும்? கடன் வட்டி என்னத்துக்கு ஆகும்?" கில்மர்களும் அதையேதான் கண்டுபிடித்தார்கள், ஆனால் எல்லாவற்றையும் கட்டி முடித்த பிறகு. இரண்டு வருடத்தில் பொறித்தொடர் நின்றுபோயிற்று. அந்த மூளையை ஏலத்துக்கு முதல் நாள் ஒரு வரைபடத்தின் மேல் செலவழித்திருக்கலாம். ஆனாலும் அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்போடு கொஞ்சம் மரியாதையும் வருகிறது.

மரம் ஆலைக்குப் போகாவிட்டால் ஆலை மரத்திடம் வரவேண்டும். அதே நேரம் ஜே. ஆர். பூத் என்ற ஒட்டாவா மரக் கோடீஸ்வரர் ஒட்டாவாவிலிருந்து ஜோர்ஜியன் குடாவுக்கு ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார். அது கனூ ஏரியின் வடக்குப் பக்கத்தால் போனது. 1896, 97இல் கில்மர்கள் அந்தப் பாதையை நம்பி ஏரிக்கரையிலேயே ஆலை கட்டினார்கள். ஆலையோடு ஊரும் வந்தது: தொழிலாளர் விடுதி, சமையல்கூடம், ஆஸ்பத்திரி, குதிரைக் கொட்டில், ரயில் கிளைப்பாதை. அரியும்போது விழுந்த பட்டை, சிராய், கழிவுப் பலகை எல்லாவற்றையும் கரையோரம் கொட்டிக் கொட்டி ஒரு பெரிய வெளியே உண்டாயிற்று.

அந்த வெளிக்குப் பக்கத்தில்தான் வள்ளத்தை இழுத்து ஏற்றினோம். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. இளம் மரங்கள், புல், பாசி. சுற்றிவர ஒன்றிரண்டு தனியார் குத்தகைக் குடில்கள் இருப்பதால் பாதையை விட்டு விலகாமல் நடந்தோம். ஒரு இடத்தில் மாமா நின்று, சப்பாத்துக் குதிக்காலால் நிலத்தை இரண்டு தரம் மிதித்தார். நிலம் மெத்தை மாதிரி உள்வாங்கி மெல்ல மேலே வந்தது. குந்தியிருந்து பாசியை விலக்கி விரலை விட்டார். வந்தது கருமண் அல்ல, நாராக உதிர்ந்த கபில நிறத் தூள். நூற்றிருபது வருடத்துக்கு மேல். மணந்து பார்த்தார். மணம் ஒன்றும் இல்லை என்றார், ஆனால் என் மூக்குக்கும் ஒருக்கால் நீட்டினார்.

"மண் இல்லையடா இது. தூள்."

பூங்காவில் எதையும் எடுக்கக் கூடாது. அவர் அதைத் திரும்பப் போட்டு, பாசியைப் போர்த்தி, ஒரு கையால் தட்டியும் விட்டார்.

இந்த ஊர் மூன்று நான்கு வருடம்தான் தழைத்தது. 1897இலேயே அமெரிக்கா கனடிய மரத்துக்குச் சுங்க வரி போட்டது. ஏலக் கடனும் டோர்செற் பொறித்தொடரின் செலவும் ஏற்கெனவே கழுத்தில். 1900ஐ ஒட்டி ஆலை மூடப்பட்டது. ஐந்நூறு பேரும் வந்த ரயிலிலேயே போனார்கள்.

ஒரு விஷயம் எனக்கு ஆரம்பத்தில் விளங்கவே இல்லை. அல்கொன்குவின் பூங்கா நிறுவப்பட்டது 1893இல். ஆலை கட்டப்பட்டது அதற்குப் பிறகு. பூங்காவுக்குள் எப்படி ஆலை? நாங்கள் பூங்கா என்றால் மரத்தில் கைவைக்கக் கூடாத இடம் என்று நினைக்கிறோம். 1893இன் சட்டம் வெளியே தள்ளியது மரவெட்டியை அல்ல, குடியேறிக் காடழித்து வயல் செய்ய வருகிறவனை. ஐந்து பெரிய ஆறுகள் இந்த மேட்டில் பிறக்கின்றன. காடு போனால் ஆறு போகும், ஆறு போனால் மரம் மிதக்காது, ஆலைகளும் நிற்கும் என்பது கணக்கு. குடியானவன் வைக்கிற நெருப்பு என்றால் மரக் கம்பனிகளுக்கும் பயம். இன்றைக்கும் பூங்காவின் பெரும் பகுதியில், சுற்றுலாக்காரர் கண்ணில் படாத தூரத்தில், ஒழுங்குமுறையோடு மரம் வெட்டுகிறார்கள். அதற்கென்றே 1970களின் நடுவில் ஒரு அரசுக் கூட்டுத்தாபனம் வந்தது.

ஆலை போனபிறகு, அதன் இயந்திரங்களைக் கழற்றி அனுப்ப ஷனன் பிரேசர் என்பவர் வந்தார். வந்தவர் போகவில்லை. தபாலதிபரானார். 1913இல் கில்மர் தொழிலாளர் விடுதியை மனைவியோடு சேர்ந்து உல்லாசப் பயணிகளுக்கான தங்குமிடமாக்கி, மோவற் லொட்ஜ் என்று பெயர் வைத்தார். சோற்றுக்கு மணி அடிக்கிற மரவெட்டிகளின் கட்டடம், 'தூய காற்று' தேடி வருகிற நகரத்தாரின் விடுதியாயிற்று. வாசலைத் திறந்தால் எதிரே தெரிந்தது கழிவு மரவெளிதான்.

ரொம் தொம்சன் தங்கியது இந்த விடுதியில். 1912இல் முதன்முதல் பூங்காவுக்கு வந்தார். 1917 ஜூலை 8ஆம் திகதி இந்த ஏரியில் வள்ளத்தில் போனவர் உயிரோடு திரும்பவில்லை. எட்டு நாள் கழித்து உடல் மிதந்தது. விபத்தா, கொலையா, தானே செய்துகொண்டதா என்று கனடாக்காரர் நூறு வருடத்துக்கு மேலாக அடிபடுகிறார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. எனக்கு வியப்பு வேறு இடத்தில். அவரை 'கைபடாத காட்டின்' ஓவியர் என்று கொண்டாடுகிறார்கள். அவருடைய சின்னப் பலகை ஓவியங்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள். அணைக்கட்டு வழியே பாய்கிற குற்றிகள், மரம் ஓட்டுகிறவர்களின் படகுகள், தெப்பம் இழுக்கிற நீராவிப் படகு, கைவிடப்பட்ட மரங்கள். 1912இல் வரைந்த ஒன்றில் நீரில் மூழ்கிய நிலமும் பட்டுப்போன மரங்களும். குற்றி மிதக்க நீர்மட்டம் உயரவேண்டும் என்று ஆற்றுக்கு ஆறு அணை கட்டியபோது கரையோர மரங்கள் நின்ற நிலையிலேயே செத்தன. வெட்டினதும் எரிந்ததும் போக முளைத்த பேர்ச்சும் பொப்லரும்தான் அவருடைய மஞ்சள்களில் பாதி. அவர் கண்டதை மறைக்கவில்லை. கொண்டாட வந்தவர்கள்தான் மரக்காலையைப் படத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

விடுதி 1920இல் எரிந்தது. திரும்பக் கட்டினார்கள். 1930இல் அதுவும் எரிந்தது. அதோடு சரி.

மயானத்துக்குக் காட்டுக்குள் கொஞ்சம் ஏறவேண்டும். மாமாவுக்கு முழங்கால் நோ. இரண்டு இடத்தில் இருந்து இளைப்பாறி வந்தார். மரவேலிக்குள் அடையாளம் உள்ள கல்லறைகள் இரண்டே இரண்டு. ஒன்று 1915இல் தொண்டை அடைப்பான் நோயில் போன ஒரு சிறுவனுடையது. மற்றது ஜேம்ஸ் வொற்சன் என்ற கில்மர் தொழிலாளியுடையது. 1897 மே 25இல் இறந்தவர். கில்மர் கம்பனிக்கு இங்கே வேலை செய்த ஏறக்குறைய ஐந்நூறு பேரில் ஒருவர் என்று கல்லில் இருக்கிறது. கூட வேலைசெய்தவர்கள் நின்று வாசிக்கவேண்டும் என்று ஒரு சின்னப் பாட்டும் செதுக்கியிருக்கிறார்கள்: நீ இன்று இருப்பதுபோல நான் இருந்தேன், நான் இருப்பதுபோல நீ ஆவாய் என்கிற பொருளில். மே மாதம் என்றால் ஆறுகளில் பனி உருகி மரம் ஓட்டுகிற காலம்.

கல்லில் இன்னொன்றும் இருக்கிறது. கனூ ஏரியில் புதைக்கப்பட்ட முதலாவது வெள்ளையர் இவர் என்று. நான் தமிழில் சொல்லக் கேட்டதும் மாமா, "அப்ப அதுக்கு முதல் இங்க புதைச்சது ஆரை?" என்றார்.

தொம்சனை முதலில் புதைத்ததும் இந்த மேட்டில்தான். அடுத்த நாளே குடும்பத்தார் அனுப்பிய ஆள் வந்து தோண்டி எடுத்துக்கொண்டு போனதாகப் பதிவு. உண்மையில் எடுத்தார்களா என்று சந்தேகப்பட்ட நாலு பேர் 1956இல் இங்கே தோண்டினார்கள். ஒரு எலும்புக்கூடு கிடைத்தது. அது தொம்சன் அல்ல, பூர்வகுடி ஆண் ஒருவர் என்று அரசு ஆய்வாளர்கள் சொன்னார்கள். தொம்சன் இல்லை என்றதும் பலருக்கு ஆர்வம் போயிற்று. பிறகு அந்த முடிவையும் மறுத்து எழுதினார்கள், ஓவியரைத் திரும்பக் குழிக்குள் கொண்டுவரத்தான். அந்தப் பூர்வகுடி ஆண் உண்மையில் அங்கே கிடந்திருந்தால் அவர் யார் என்று கேட்க ஒருவரும் வரவில்லை. இந்த நிலத்தை அல்கொன்குவின் மக்கள் எந்த ஒப்பந்தத்திலும் கொடுத்ததில்லை. அதைப் பற்றிய பேச்சுவார்த்தையில் 2016இல்தான் ஒரு கொள்கை அளவு உடன்பாடு கையெழுத்தானது.

திரும்பி வள்ளம் கொடுத்துவிட்டு, பூங்காவின் கிழக்கு வாசலுக்குக் கிட்ட இருக்கிற மரவெட்டு நூதனசாலைக்குப் போனோம். மாமா அன்றைக்கு முதல் தடவையாக என்னைவிட வேகமாக நடந்தார். காட்டுப் பாதையோரம் பழைய பொருள்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். தன்னைத்தானே வடத்தால் இழுத்துக்கொண்டு தரையில் ஏறி அடுத்த ஏரிக்குப் போகிற 'முதலை' என்ற நீராவிப் படகு ஒன்றும் இருக்கிறது. மாமா அதைச் சுற்றிவந்தார், ஆனால் அவரைப் பிடித்து நிறுத்தியது கம்பூஸ் என்ற மரவெட்டிகளின் குடில். முழுக் குற்றிகளை அடுக்கிய பதிந்த சுவர். நடுவில் மணல் பரப்பிய திறந்த அடுப்பு, மேலே புகை போக ஒரு பெரிய துவாரம், சுற்றிவர இரண்டு தட்டுப் படுக்கை. ஐம்பது அறுபது பேர் குளிர்காலம் முழுக்க இதற்குள். பயறு மாதிரி ஒரு அவரைக்கொட்டையும் உப்புப் பன்றியும் பாணும், கரிய தேத்தண்ணியும். பகலில் வெட்டிய குற்றியைச் சறுக்கு வண்டியில் ஏற்றி, இரவிலே தண்ணீர் தெளித்து உறையவைத்த பாதையில் குதிரை இழுக்கும். இறக்கத்தில் வண்டி குதிரையை முந்தாமல் இருக்கச் சூடாக்கிய மணல் தூவுவார்கள்.

மாமா கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். குற்றியை இரண்டாகப் பிளந்து, உள்ளே கோலி எடுத்து, ஒன்று மல்லாக்க ஒன்று குப்புற என்று மாறி மாறி அடுக்கியிருக்கிறார்கள்.

"பீலி ஓடு," என்றார். "மரத்தில பீலி ஓடு போட்டிருக்கிறாங்கள். ஒரு ஆணி இல்லை, பார்." பிறகு சுவர்க் குற்றியைத் தட்டி, காதை வைத்தார். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பாட்டியும் என்னவென்று விளங்காமல் தன் பங்குக்கு ஒருக்கால் தட்டினார்.

வெளியே வந்தபோது நாலு மணி தாண்டிவிட்டது. பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியைத் தெரு ஓரத்து நிறுத்துமிடத்தில் நின்று குடித்தோம். அப்போது கிழக்கே போகிற ஒரு லொறி வந்தது, முழுக்கக் குற்றி. எங்களுக்கு முன்னால் வேகம் குறைந்தது, ஏனென்றால் சற்றுத் தள்ளி ஆட்கள் மூஸ் என்கிற பெரிய மான் ஒன்றைக் கண்டு கார்களைத் தெருவிலேயே நிறுத்தியிருந்தார்கள். எல்லோரும் மூஸைப் பார்க்க, மாமா லொறியைப் பார்த்தார். வெட்டு முகங்கள் வெளிறிய கிறீம் நிறம், நடுவில் கபிலம்.

"மேப்பிள்," என்றார்.

லொறி நகரும்வரை வாய்க்குள் எண்ணினார். முப்பத்தொன்று. மேல்வரிசையில் இடமிருந்து மூன்றாவது கோறை, அதை ஏற்றியிருக்கக் கூடாது என்றும் சொன்னார். இல்லை மாமா, அது நிழல் என்றேன். பெயர் வாயில் வராத ஏதோ ஒரு சின்ன ஏரி தாண்டும்வரை அதைத்தான் கதைத்துக்கொண்டு வந்தோம். இலை முழுக்க அங்கேதான் கொட்டிக் கிடந்தது.